எட்டு இலக்கங்களும் ஒரு துபாஷியும்

அக்கா மகள் கோவையில் பொறியியல் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. "சித்தி, வைஃபையைக் காணோம்."

அவளுடைய லேப்டாப் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விண்டோஸ் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது என்று, விடுதித் தோழி கொடுத்த பென் டிரைவை வைத்து விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டிருக்கிறாள். மிஷின் சட்டென்று திறந்தது. திரை பளிச்சென்று இருந்தது. கீபோர்டு வேலை செய்தது, பாட்டு கேட்டது. வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் குறைவு, பாஸ்வேர்டு தப்பு என்று எந்தப் புகாரும் திரையில் வரவில்லை. வைஃபை என்று ஒன்று அந்தக் கணினிக்குள் இருப்பதற்கான அடையாளமே இல்லை. பயந்துபோய் ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குள் போனாள். ஒன்றுமே நடக்காததுபோல வைஃபை அங்கே உட்கார்ந்திருந்தது.

"மிஷின் அதேதானே சித்தி? ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டலையே. அப்புறம் எப்படி ஒரு பாகம் அங்க இருக்கும், இங்க இருக்காது?"

லினக்ஸ் போடுவதற்கென்று லேப்டாப் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம் என்பதெல்லாம் அப்புறம் கேட்கலாம். அவற்றை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். அவள் கேட்டதற்குத்தான் எந்த விளம்பரத் தாளிலும் பதில் இருக்காது.

ஒரே பெட்டி, பல வீட்டுக்காரர்கள்

மூடியில் ஒரே ஒரு கம்பெனியின் பெயர்தான் பொறித்திருக்கும். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் கதை வேறு. பிராசசர் ஒருவர் செய்தது. வைஃபை அட்டை இன்னொருவர் செய்தது. ஒலிக்கு ஒரு சில்லு, கேமராவுக்கு ஒன்று, விரல் வைத்துத் தேய்க்கிற டச்பேடுக்கு ஒன்று, பேட்டரியைக் கண்காணிக்க ஒன்று. மூடியில் பெயர் போட்ட கம்பெனி இவற்றை வாங்கி ஒரு பலகையில் சேர்த்துப் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி பாஷை. ஒரு வைஃபை அட்டையிடம் "இந்தச் சேதியை அனுப்பு" என்று சொல்ல, அதன் எந்த மூலையில் எந்த எண்ணை எழுத வேண்டும், எழுதிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், அது பதில் சொன்னதை எப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்த அட்டைக்கே உரியது. பக்கத்துக் கம்பெனி அட்டைக்கு அதே எண்ணை எழுதினால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். சில நேரம் மொத்தக் கணினியும் உறைந்துபோகும்.

இவர்கள் எல்லோரையும் வைத்து வேலை வாங்குவது இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இன்னொன்று. அந்த யுனிக்ஸின் நடையைப் பின்பற்றிப் பின்னால் வந்தவை ஒரு பெரிய குடும்பம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வழியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி எல்லாம் அதில் அடக்கம். ஆப்பிள் கணினிகளில் ஓடும் மேக்ஓஎஸும் இந்தச் சொந்தத்தில் வருவதுதான். ஆனால் அது ஆப்பிள் தானே தேர்ந்தெடுத்த பாகங்களோடு மட்டும் பேசினால் போதும். மற்றவர்கள் நிலைமை அப்படி இல்லை.

இயங்குதளத்தின் நடுவில் இருந்துகொண்டு பாகங்களை நேரடியாக ஆள்கிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். உட்கரு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உட்கருவுக்கு ஒவ்வொரு சில்லின் பாஷையும் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் சில்லுக்கு ஒருவராக மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்கிறது. டிரைவர் என்று தெருமுனை சர்வீஸ் கடையில் சொல்வது இவரைத்தான். தமிழில் இயக்கி என்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில் துபாஷி என்ற பழைய சொல்தான் நினைவுக்கு வரும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்தார். இந்தப் பக்கம் ஒரு பாஷை, அந்தப் பக்கம் ஒரு பாஷை, இரண்டும் தெரிந்தவர் நடுவில். அவர் வராத நாளில் இரண்டு பக்கமும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் வேலை நடக்காது.

அக்கா மகளின் வைஃபை அட்டை எங்கேயும் போகவில்லை. மின்சாரம் வாங்கிக்கொண்டு இடத்திலேயே இருந்தது. விண்டோஸில் அதற்குத் துபாஷி இருந்தார், அவள் போட்ட லினக்ஸில் இல்லை. இதே கூத்து விண்டோஸிலும் நடப்பதுதான். லேப்டாப்பை ஃபார்மட் செய்து வெறும் விண்டோஸை ஏற்றியதும் "இன்னும் டிரைவர் போடணும்" என்று கடைக்காரர் சொல்வார், கேட்டிருப்பீர்கள். புது லேப்டாப்பில் அந்த வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து அனுப்பிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

8086 யார் வீட்டு எண்?

கணினியை இயக்கியதும் உட்கரு ஒவ்வொரு பாகத்தின் கதவையும் தட்டி "நீ யார்?" என்று கேட்கிறது. பாகம் தன் பெயரைச் சொல்லாது, எண்ணைச் சொல்லும். எட்டு இலக்கம். முதல் நான்கு, செய்த கம்பெனியைக் குறிக்கும். அடுத்த நான்கு, அந்தக் கம்பெனியின் எந்தச் சரக்கு என்பதைக் குறிக்கும். 0 முதல் 9 வரையும் அதற்குமேல் ஏ முதல் எஃப் வரையும் பதினாறு குறிகளில் எழுதுவதால், நான்கு இடத்துக்குள் 65,536 கம்பெனிகளுக்கு எண் கொடுத்துவிடலாம்.

உதாரணமாக, 8086:2723 என்று ஓர் எண். முதல் பாதி இன்டெல்லுடையது. 1978இல் அந்தக் கம்பெனி வெளியிட்ட 8086 என்ற பிராசசரின் வழிவந்தவைதான் இன்றைய பெரும்பாலான லேப்டாப்களின் பிராசசர்கள். அந்தப் பிராசசரின் பெயரையே தன் வீட்டு எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். பின்பாதியான 2723, ஏஎக்ஸ்200 என்ற வைஃபை அட்டையைக் குறிக்கிறது.

இனி உட்கரு என்ன செய்யும்? ஒவ்வொரு துபாஷியும் வேலைக்குச் சேரும்போதே "எனக்கு இன்னின்ன எண்காரர்களின் பாஷை தெரியும்" என்று ஒரு பட்டியல் கொடுத்திருப்பார். எல்லாப் பட்டியல்களும் ஒரே பதிவேட்டில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். 8086:2723 என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்ததும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறது. எண் இருந்தால் உரிய துபாஷியை அழைத்து வந்து உட்காரவைக்கிறது. இல்லாவிட்டால் அடுத்த கதவுக்குப் போய்விடுகிறது. அழுகை, எச்சரிக்கை எதுவும் கிடையாது. அதனால்தான் "பழுது" என்ற செய்தி வராமல், பாகமே இல்லாததுபோன்ற தோற்றம் வருகிறது.

இதே அட்டையின் கதையை நாள் கணக்கில் பார்த்துவிடலாம். ஏஎக்ஸ்200 சந்தைக்கு வந்தது 2019இல். இதன் எண்ணோடு துபாஷி லினக்ஸ் உட்கருவுக்குள் நுழைந்தது 5.1 என்ற பதிப்பில், 2019 மே மாதம். உபுண்டு என்ற பரவலான லினக்ஸ் தொகுப்பின் 18.04 பதிப்பு வெளிவந்தது 2018 ஏப்ரலில். அதில் இருந்த உட்கரு 4.15. ஆக, 2019 கடைசியில் இந்த அட்டையோடு லேப்டாப் வாங்கி, அலமாரியில் கிடந்த 2018ஆம் வருடத்துப் பென் டிரைவிலிருந்து உபுண்டு போட்டவருக்கு வைஃபை இல்லை. அவரே நான்கைந்து மாதம் பொறுத்து, 2020 ஏப்ரலில் வந்த 20.04 பதிப்பைப் போட்டிருந்தால், அதில் உட்கரு 5.4, வைஃபை தானாக வந்திருக்கும். அட்டையும் கணினியும் ஆளும் ஒன்றே. பதிவேட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது.

இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது: நீங்கள் போடப்போகும் உட்கரு, லேப்டாப்பைவிட வயதில் இளையதாக இருக்க வேண்டும். லினக்ஸ் உட்கரு ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. ஆனால் டெபியன் போன்ற நிதானமான தொகுப்புகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அதை மாற்றும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 6.1, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 6.12. போன மாதம் சந்தைக்கு வந்த லேப்டாப்பில் டெபியன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அவதிதான். ஒரு வருடம் பழகிய மாடலை வாங்குங்கள் என்று நான் யாரிடமும் சொல்வது இதனால்தான். விலையும் இறங்கியிருக்கும்.

துபாஷியை யார் வளர்த்தார்கள்?

விண்டோஸுக்கான இயக்கியைச் சில்லு செய்த கம்பெனியே எழுதித் தந்துவிடும். எழுதாவிட்டால் சில்லு விற்காது. லினக்ஸுக்கு அந்தக் கட்டாயம் நீண்ட காலம் இல்லை. கம்பெனிகள் தங்கள் சில்லின் பாஷை என்ன என்பதையே வெளியில் சொல்ல மறுத்தன. வைஃபை பரவிய 2000களின் முதற்பாதியில் பிராட்காம் சில்லுகள் எண்ணற்ற லேப்டாப்களில் இருந்தன. லினக்ஸில் அவை ஊமை.

அப்போது தன்னார்வலர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, கிடைத்த இயக்கியைப் பிரித்துப் பார்த்து, அது சில்லோடு என்ன பேசுகிறது என்று கவனித்துக் குறிப்பாக எழுதிவைத்தது. இன்னொரு குழு அந்த மூல இயக்கியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குறிப்பை மட்டும் படித்துப் புதிதாக இயக்கி எழுதியது. "எங்களிடமிருந்து திருடினாய்" என்று யாரும் வழக்குப் போட முடியாதபடி நடுவில் கோடு கிழித்துக்கொண்டு செய்த வேலை அது. சம்பளம் கிடையாது. பேசவே மறுத்த ஒருவரின் பாஷையைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டே கற்றுக்கொண்டது போல. அந்த இயக்கி 2006இல் உட்கருவுக்குள் வந்தது. பிராட்காம் தானே ஒரு திறமூல இயக்கியை வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான்.

இன்று லினக்ஸ் உட்கருவின் மூலநிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் இயக்கிகள். இன்டெல், ஏஎம்டி போன்ற கம்பெனிகள் ஆள் வைத்து, பல நேரம் சில்லு கடைக்கு வருமுன்பே எழுதிச் சேர்க்கின்றன. மனம் மாறியது ஒரு காரணம். பெரிய அளவில் வாங்குகிறவர்கள் கேட்டது இன்னொரு காரணம். தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கேட்கப்பட்டது. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் லினக்ஸ் ஓட வேண்டும் என்று கேட்டால், அது ஓடுமா என்று சரிபார்ப்பது விற்பவரின் வேலையாகிவிடுகிறது. தனியாக ஒரு லேப்டாப் வாங்குகிற நமக்கு அந்த வலு இல்லை. நாமேதான் பார்த்து வாங்க வேண்டும்.

எண் சரி, ஆனாலும் பேச்சு வரவில்லை

துபாஷி வந்து உட்கார்ந்த பிறகும் சில வைஃபை அட்டைகள் வாய் திறக்காது. அந்த அட்டையே ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஓட வேண்டிய நிரல் அதனிடம் நிரந்தரமாக இருப்பதில்லை. மின்சாரம் வந்ததும் யாராவது கையில் கொடுக்க வேண்டும். இந்த நிரலை ஃபர்ம்வேர் என்பார்கள். நிலைபொருள் என்ற தமிழ்ச்சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. ஏஎக்ஸ்200க்கும் இது வேண்டும்.

ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூலநிரல் தெரியாத மூடிய கோப்பு. கட்டற்ற மென்பொருள் கொள்கையைக் கண்ணாகக் காத்த டெபியன், இதைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமலே பல வருடம் வைத்திருந்தது. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். டெபியன் 12 முதல் நிறுவும்போதே அது கூட வருகிறது. இந்த முடிவு கொள்கைக்குச் சறுக்கல் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. நான் வாக்களித்தவர்கள் பக்கம். வைஃபையே வராத கணினியில் எந்தக் கொள்கையையும் யாரும் தேடிப் படிக்கப் போவதில்லை.

ஓபன்பிஎஸ்டியில் பல அட்டைகளுக்கான ஃபர்ம்வேரை நிறுவிய பிறகு இணையத்திலிருந்து இறக்க வேண்டும். வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வரும். ஒரு லேன் கேபிளோ, யுஎஸ்பி வழியாக இணையம் தரும் ஆண்ட்ராய்டு போனோ கையில் இருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். பிஎஸ்டி போட நினைப்பவர் லேன் துளை உள்ள லேப்டாப்பாகவே பார்ப்பது நல்லது. பிஎஸ்டிகளின் பதிவேடு லினக்ஸினுடையதைவிடச் சிறியது என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் பழைய மாடலாகவும் தேட வேண்டும்.

மூடியை மூடினால் தூங்குகிறதா?

வைஃபை வந்துவிட்டது, திரை, ஒலி எல்லாம் வந்துவிட்டன. மூடியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறீர்கள். இறங்கிப் பையைத் தொட்டால் இட்லிப் பாத்திரம்போலச் சுடுகிறது. பேட்டரி காலி.

லேப்டாப்பைத் தூங்கவைப்பதில் பழைய வழி ஒன்று, புதிய வழி ஒன்று. பழைய வழிக்கு எஸ்3 என்று பெயர். ரேமுக்கு மட்டும் சொட்டு மின்சாரம் விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுவது. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தனி வயர் விடுவதுபோல. புதிய வழியில் மெயின் சுவிட்சை யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு பாகமும் தானே கண்ணை மூட வேண்டும். போன்போலச் சட்டென்று விழிக்கும், தூக்கத்திலேயே மெயில் வாங்கும் என்பது அதன் லாபம். ஆனால் பாகங்களில் ஒருவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தாலும் வீடு முழுக்க விளக்கெரியும். அந்த ஒருவரைத் தூங்கவைக்க அவருடைய துபாஷிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய வழியில் தூங்கும் லேப்டாப்தான் லினக்ஸுக்கு இன்றும் நிம்மதி. புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 எடுக்கப்பட்டுவிட்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தூக்கம், மின்விசிறி, பேட்டரி இவற்றை எப்படி ஆள வேண்டும் என்ற குறிப்புகளை லேப்டாப் செய்தவர், கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் என்ற நிரலுக்குள் எழுதிவைத்திருப்பார். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996இல் வகுத்த ஏசிபிஐ என்ற முறை இது. அந்தக் குறிப்புகளில் ஒரு கேள்வி இருக்கும்: "நீ விண்டோஸின் எந்தப் பதிப்பு?" லினக்ஸ் உட்கரு அதற்கு, தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது. "நீ லினக்ஸா?" என்று கேட்டால் இல்லை என்கிறது. லினக்ஸுக்கென்று எழுதப்பட்ட குறிப்புகளைப் பல கம்பெனிகள் ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்ததில்லை. விண்டோஸுக்கான பாதை மட்டும்தான் சோதிக்கப்பட்ட பாதை. அந்தப் பாதையில் நடக்க அந்தப் பெயர் தேவைப்படுகிறது.

2018இல் வந்த லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை, புதிய வகைத் தூக்கத்தோடு மட்டும் வந்தது. லினக்ஸ் பயனர்கள் விடாமல் கேட்டார்கள். அதே வருடத்தில் லெனோவோ பயாஸைப் புதுப்பித்தது. தூக்க முறைக்கான மெனுவில் இரண்டு வரிகள் வந்தன: ஒன்று விண்டோஸ் 10, அடுத்தது லினக்ஸ். திங்க்பேடுகள்மேல் யுனிக்ஸ்காரர்களுக்கு இருக்கும் பிரியத்துக்கு இதுபோன்ற சின்னச் சின்ன வரிகளும் காரணம்.

ஒதுக்கிவிடக்கூடியவை

தனி கிராஃபிக்ஸ் சில்லு உங்களுக்குத் தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டு, முப்பரிமாண வேலை, செயற்கை நுண்ணறிவுக் கணக்கு இவை இல்லையென்றால், இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும். இரண்டுக்கும் உட்கருவிலேயே நல்ல இயக்கிகள் இருக்கின்றன. என்விடியா தன் இயக்கியின் உட்கருப் பகுதியைத் திறமூலமாக்கியது 2022 மே மாதத்தில்தான். ஓபன்பிஎஸ்டியில் என்விடியாவுக்கு வேக வரைகலை இன்றும் இல்லை.

கைரேகை உணரிகளில் பலவற்றுக்குத் துபாஷி கிடையாது. அது இல்லாமல் வாழலாம். கேமராவில் கவனம் தேவை. பழைய யுஎஸ்பி வகைக் கேமராக்கள் எல்லாம் ஒரே பொதுப் பாஷை பேசும், அவை வேலை செய்யும். அண்மைக்கால மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் பிராசசரோடு நேராகக் கோத்த கேமராக்கள் வருகின்றன. அவை தலைவலி. ஒலியில் வேறொரு நுணுக்கம். ஒரே ஒலிச் சில்லை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக ஸ்பீக்கரோடு இணைக்கும். அதனால் உட்கருவில் "இந்த மாடலில் இந்த வயர் இப்படி" என்று நூற்றுக்கணக்கான மாடல்களுக்குத் தனித்தனிக் குறிப்பு இருக்கிறது. உங்கள் மாடல் அதில் ஏறும்வரை ஹெட்போனில் பாட்டு கேட்கும், ஸ்பீக்கரில் கேட்காது. நிறுவும்போது வட்டே தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பயாஸில் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பக்கத்தில் விண்டோஸ் இருந்தால் மட்டும் கவனம். முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் அது திறக்காமல் போகலாம்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது மாடல் பெயர். ஒரே பெயர், ஒரே வருடம், ஒரே விலை. ஆனால் இந்தப் பெட்டியில் ஒரு கம்பெனியின் வைஃபை அட்டை, அடுத்த பெட்டியில் வேறு கம்பெனியுடையது. உற்பத்தி நடக்கும்போது எது கிடைத்ததோ அது. "என்னிடம் இதே மாடல்தான், லினக்ஸ் அருமையாக ஓடுகிறது" என்று நண்பர் சொல்வது உண்மையாக இருக்கும். உங்களுடையது ஓடாமலும் இருக்கும். அந்த எட்டு இலக்கங்களைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

ரிச்சி தெருவில் ஒரு பென் டிரைவ்

செமஸ்டர் விடுமுறையில் அக்கா மகள் சென்னை வந்தாள். பழைய லேப்டாப்பைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, லினக்ஸுக்கென்றே ஒன்று வாங்கலாம் என்று இருவரும் அண்ணா சாலைக்குப் பக்கத்து ரிச்சி தெருவுக்குப் போனோம். யுனிக்ஸ் தந்த ரிச்சிக்கும் இந்தத் தெருவுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையின் கீழே யுனிக்ஸ் வழிவந்த ஒன்றைத் தேடி நடப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த லேப்டாப்கள் அங்கே அடுக்கடுக்காக வருகின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொள்ளாத மிஷின்கள் நல்ல கீபோர்டும் நல்ல திரையுமாக விலை இறங்கிக் கிடக்கின்றன. நாங்கள் எடுத்துப் பார்த்தது 2018ஆம் வருடத்து அலுவலக மாடல். இன்டெல் பிராசசர், ரேம் மாற்றிக்கொள்ள இரண்டு இடம், லேன் துளை.

"தம்பி, பென் டிரைவ் போட்டுப் பார்த்துக்கலாமா?"

"ஒரிஜினல் விண்டோஸ் ஏத்தியே தரேன் மேடம். எதுக்கு லினக்ஸ்?"

"அழிக்க மாட்டோம். பென் டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பார்த்துட்டு எடுத்துடுவோம்."

கடைக்காரத் தம்பி ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார். வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை முழுதாக ஓட்ட முடியும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்கு மறுபடி உணர்ந்தேன். கார் வாங்குமுன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது மாதிரி. அதுவும் நம் ஊர் ரோட்டிலேயே.

அவளையே உட்காரவைத்தேன். கறுப்புத் திரையைத் திறந்து, பாகங்களின் எண்களைக் கேட்கும் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைத் தட்டினாள். வரிகள் ஓடின. விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தாள். வைஃபை வரியில் 8086:24எஃப்டி.

"8086 இன்டெல் சித்தி."

அதன் கீழேயே, வேலைக்கு வந்திருக்கும் துபாஷியின் பெயரும் இருந்தது. மூலையில் அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. ஸ்பீக்கரில் பாட்டு போட்டாள். கேமராவில் எங்கள் இருவர் முகமும் பின்னால் தொங்கிய சார்ஜர் கொத்தும் தெரிந்தன. வெளிச்சம் கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தான், ஒலிப் பொத்தான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். தூக்க முறையைச் சொல்லும் மெம் ஸ்லீப் என்ற சின்னக் கோப்பைத் திறந்தோம். அதில் இரண்டே சொற்கள், ஒன்றுக்குச் சதுர அடைப்பு. அடைப்புக்குள் இருந்தது டீப் என்ற சொல். எஸ்3 இருக்கிறது, அதுவே தேர்விலும் இருக்கிறது என்று அர்த்தம்.

பேட்டரி 64 சதவீதம். மூடியை மூடினாள். மின்விசிறிச் சத்தம் நின்றது. தம்பியிடம் சொல்லிவிட்டு எதிரே டீ குடிக்கப் போனோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து அடிப்பக்கத்தில் கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. அவள் மூடியைத் திறந்தாள். இரண்டு நொடியில் அதே கறுப்புத் திரை, அதே வரிகள். 64 சதவீதம். வைஃபை கேட்காமலே ஒட்டிக்கொண்டது.

கைரேகை உணரியின் எண்ணுக்கு மட்டும் எந்தத் துபாஷியும் வரவில்லை. அதற்காக விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், தம்பி சிரித்துக்கொண்டே முந்நூறு குறைத்தார். அவர் பில் எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் தன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த உணரியின் எட்டு இலக்கங்களையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"யாராவது எழுதிட்டு இருப்பாங்க இல்ல சித்தி? தேடிப் பார்க்கிறேன்."